ஜாரி ஊர் ஆல்பர்ட்டுக்காக ஒரு பூசை

(நமது பங்கின் வெள்ளி விழா ஆண்டில், நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள் மாலையில், கல்லறை மந்திரிப்புக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கல்லறை மந்திரிப்பு முடிந்ததும் உங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் என் வழக்கம். மழைக்காலம், கொசுவும் அதிகம், காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் உங்களில் பலர். இன்று மட்டும் சற்றுப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வெள்ளி விழாக் குழுவினர் "நம் பங்கின் முன்னோர்" என்ற பொருளில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். நம் முன்னோரைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே, இந்த மண்ணை ஒருநாளும் மிதித்திராத, நம் பங்குப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒரு போர்வீரரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பதிவேட்டில் பெயர் இல்லை என்றேனே தவிர, பூசைக் கருத்துப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதக் கடைசியில் ஒரு மாலை, தொழிற்சாலைச் சீருடையோடு இரண்டு இளைஞர்கள் பங்கு அலுவலகத்துக்கு வந்தார்கள். கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார்கள். ஞாயிறுப் பூசையில் கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்தை ஒட்டி நிற்கிற முகங்கள். நான் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவர்களில் ஒருவன் தெரிந்த தமிழில், "ஃபாதர், டிசம்பர் மூணு, ஒரு பூசை வேணும்" என்றான். புத்தகத்தைத் திறந்தேன். அன்று புனித சவேரியார் திருநாள். கோட்டாறு பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம் ஒன்று ஆண்டுதோறும் அந்த நாளைப் பிடித்துவைத்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். "வேறு நாள் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். "இல்ல ஃபாதர், அன்னிக்குத்தான் அவர் செத்தார்" என்றான். பெயர் கேட்டேன். ஆல்பர்ட் எக்கா என்றான். "உனக்கு என்ன உறவு? அப்பாவா, சித்தப்பாவா?" என்று கேட்டேன். அவன் சற்று யோசித்தான். பிறகு, "எங்க ஊர்" என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. பெயரை எழுதினேன், காணிக்கையை வாங்கினேன். டிசம்பர் 3 காலைப் பூசையில் சவேரியார் மகிமைக்காகக் கொடுக்கப்பட்ட கருத்தோடு சேர்த்து, ஏதோ ஒரு குடும்பத்துப் பெரியவருக்காகச் செபிப்பதுபோல் அந்தப் பெயரையும் வாசித்தேன். அதையும் தவறாக உச்சரித்தேன். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்த ஐந்து பையன்கள் பூசை முடியும்வரை முழங்காலிட்டிருந்தார்கள். பூசைக்குப் பின் அவர்களில் ஒருவன் தன் கைபேசியில் ஒரு தபால்தலையின் படத்தைக் காட்டினான். இராணுவ உடையில் ஓர் இளைஞர். "இவர்தான் ஃபாதர், பரம் வீர் சக்ரா" என்றான்.

பரம் வீர் சக்கரம் என்பது போர்க்களத்து வீரத்துக்கு நம் நாடு தரும் விருதுகளில் தலையானது. 1950-இல் இந்த விருது ஏற்படுத்தப்பட்டது முதல் இதுவரை 21 பேருக்கே அது கிடைத்திருக்கிறது. அவர்களில் பதினான்கு பேர் இறந்த பின்னரே பெற்றார்கள். அத்தகைய ஒருவருடைய பெயரை, 'உனக்கு என்ன உறவு' என்று கேட்டு எழுதியவன் நான். குருமடத்தில் பல ஆண்டுகள் படித்தவன். திருச்சபை வரலாற்றில் சோட்டாநாகபுரி மறைப்பணியைப் பற்றித் தேர்வும் எழுதியவன். வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் கும்லா மாவட்டம் என்று ஒன்று இருக்கிறது. காடும் மேடும் நெல்வயலும் நிறைந்த நாடு. அங்கே ஜாரி என்னும் சிற்றூரில், உராவோன் பழங்குடியைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில், 1942 டிசம்பர் 27-ஆம் நாள் ஆல்பர்ட் பிறந்தார். தந்தை பெயர் ஜூலியஸ், தாய் பெயர் மரியம். இந்தப் பெயர்கள் அந்தக் காட்டுக்குள் எப்படிப் போயின என்று சிலர் வியக்கலாம். 1885-இல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு அந்தப் பகுதிக்கு வந்தார். பழங்குடி மக்களின் நிலங்களை ஜமீன்தார்கள் பறித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஏழைகளுக்கு வழக்குமன்றத்தில் துணை நின்று, சட்டம் கற்றுக்கொடுத்து, பிறகு வேதம் போதித்தவர் அவர். காசநோயால் தாய்நாடு திரும்பி 1893-இல், நாற்பது வயதுகூட ஆகாமல், பெல்ஜியத்தில் இறந்தார். நூறு ஆண்டு கழித்து 1993-இல் அவருடைய எலும்புகளை அந்த மக்கள் ராஞ்சிக்குக் கொண்டுவந்து பேராலயத்தில் வைத்தார்கள். இறந்தவர் எங்கே கிடக்கிறார் என்பதை அந்த மக்கள் எவ்வளவு பெரிதாக எண்ணுகிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆல்பர்ட் வில்லும் அம்பும் பிடித்து, வேட்டையாடி, ஹாக்கி விளையாடி வளர்ந்தவர். சரியாக இருபது வயது நிறைந்த நாளில், 1962 டிசம்பர் 27-இல், பீகார் ரெஜிமெண்டில் சேர்ந்தார். சீனப் போர் ஓய்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. 1968-இல் கார்ட்ஸ் படைப்பிரிவில் 14-ஆவது பட்டாளம் புதிதாக உருவானபோது அதற்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டிலேயே திருமணமும் நடந்தது. மனைவி பெயர் பலம்தீனா. மூன்று ஆண்டு இல்லறம். அதிலும் விடுமுறை நாட்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் எத்தனை மாதம் தேறும் என்பதை இராணுவக் குடும்பங்கள் அறியும். ஒரே ஒரு மகன்.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் இலட்சம் இலட்சமாக எல்லை தாண்டி வந்தார்கள். திரிபுராவின் தலைநகரான அகர்தலாவுக்கு மேற்கே, எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டரில், கங்காசாகர் என்ற இரயில் நிலையம். சுற்றிலும் சதுப்பு நிலம். அதன் நடுவே உயர்ந்த மேட்டின்மீது தண்டவாளம். நிலையத்தைச் சுற்றிப் பதுங்குகுழிகள், கண்ணிவெடிகள். அந்த இடம் விழுந்தால் அகாவுரா விழும். அகாவுரா விழுந்தால் டாக்காவை நோக்கிய வழி திறக்கும். டிசம்பர் 3-ஆம் நாள் விடியலுக்கு முந்திய இருட்டில் அந்த நிலையத்தைத் தாக்கும் வேலை 14-ஆவது கார்ட்ஸ் பட்டாளத்துக்குத் தரப்பட்டது. ஆல்பர்ட் அப்போது லான்ஸ் நாயக். இடப்பக்கம் முன்னே சென்ற கம்பெனியில் இருந்தார்.

எதிரியின் பதுங்குகுழி ஒன்றிலிருந்து இலகு இயந்திரத் துப்பாக்கி ஒன்று அவருடைய தோழர்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் தனியாக அதன்மேல் பாய்ந்து, அதை இயக்கியவர் இருவரையும் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தி, அதை ஓயச் செய்தார். அதில் பலத்த காயம் பட்டது. பட்ட காயத்தோடு தோழர்களுடன் ஏறத்தாழ ஒரு மைல் தூரம் போரிட்டபடி முன்னேறினார். குறிப்பிட்ட இடத்தின் வடகோடியில், உறுதியான கட்டிடம் ஒன்றின் மாடியிலிருந்து இன்னொரு இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்கியது. மறுபடியும் தவழ்ந்து சென்று கைக்குண்டை உள்ளே எறிந்தார். அது ஒருவரை வீழ்த்தியது, துப்பாக்கி நிற்கவில்லை. பக்கச் சுவரில் ஏறி உள்ளே குதித்து, கத்தி முனையால் அதையும் அடக்கினார். அந்தக் காயங்களே அவருக்கு இறுதியாயின. வயது 28. இன்னும் 24 நாட்களில் 29 நிறைந்திருக்கும்.

இங்கே ஒரு குருவாக நான் நின்று பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பதுங்குகுழியில் இருந்தவர்களும் ஏதோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். அவர்களுக்கும் ஊர் உண்டு. அந்த ஊரில் அவர்களை எதிர்பார்த்த வாசல் உண்டு. அதற்கு ஏழாண்டு முன், 1964 டிசம்பரில், நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், ஆயுதங்களுக்கு நாடுகள் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது ஏழை நாடுகளின் பசிக்கு ஒதுக்கும்படி நம் மண்ணில் நின்றே மன்றாடினார். கேட்டவர் குறைவு. கத்தியால் குத்திய செயலைப் பீடத்தின் முன் நின்று நான் புகழமாட்டேன். ஆனால், தன்னைப் பின்தொடர்ந்து வந்த தோழர்களின் உயிருக்கும் குண்டுக்கும் நடுவே தன் உடலைக் கொண்டுபோய் வைத்தவரை எப்படி மறப்பது? அந்தப் பையன்கள் என்னிடம் வெற்றி விழா கேட்கவில்லை. ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பூசை கேட்டார்கள். ஒரு போர்வீரருக்காகத் திருச்சபையிடம் கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டார்கள்.

1971 போரில் நான்கு பேர் பரம் வீர் சக்கரம் பெற்றார்கள். கிழக்குப் போர்முனையில் அதைப் பெற்றவர் இவர் ஒருவரே. விருதை அவர் மனைவி பெற்றுக்கொண்டார். ராஞ்சியின் நடு நாற்சந்திக்கு அவர் பெயர். 2000-இல் அவருக்குத் தபால்தலை. அகர்தலாவில் அவர் பெயரால் ஒரு பூங்கா. ஜாரி வட்டாரத்துக்கே அவர் பெயர். 2023-இல் அந்தமான் தீவுகளில் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அவற்றிலும் ஒன்று இவருடையது. நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. அவருடைய உடல் ஊருக்கு வரவில்லை. களத்தில் மாண்ட தோழர்களோடு அவரையும் எல்லைக்கு இப்பால், அகர்தலாவின் ஓரத்தில் உள்ள டுக்லி பக்கம் அடக்கம் செய்துவிட்டுப் பட்டாளம் முன்னேறிப் போய்விட்டது. போர்க்காலத்தில் வேறென்ன செய்ய முடியும்? கணவர் எந்த மண்ணில் கிடக்கிறார் என்பதைக் கண்ணால் காணாமலே பலம்தீனா அம்மாள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். நம் ஊர்களில் இன்று மாலை நீங்கள் செய்ததுபோல், சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, திரி ஏற்ற அந்த அம்மாளுக்கு ஓர் ஆறடி நிலம் இருக்கவில்லை.

2015 டிசம்பரில், அவர் புதைக்கப்பட்ட இடத்து மண் என்று ஒரு கலசத்தை அரசுத் தரப்பில் விழா எடுத்துக் கொடுக்க வந்தார்கள். குடும்பத்தார் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். இது அவருடைய மண்தான் என்பதற்கு என்ன சான்று, நாங்கள் போய் எங்கள் கண்ணால் பார்த்து எங்கள் கையால் எடுத்து வருகிறோம் என்பது அவர்கள் நிலை. நான் அதைப் படித்தபோது எழுந்து நின்றேன் என்று சொன்னால் மிகையாகாது. மேடையும் மாலையும் காத்திருக்க, முதிர்ந்த வயதுக் கைம்பெண் 'இது போதாது' என்று சொல்ல எவ்வளவு திடம் வேண்டும்! அதன்பின் 2016 ஜனவரியில் குடும்பத்தார் திரிபுராவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அடக்க இடத்தைக் கண்டு, மண் எடுத்து ஜாரிக்குத் திரும்பினார்கள். இறந்து 44 ஆண்டு கழித்து ஆல்பர்ட் ஒரு பிடி மண்ணாக ஊர் வந்து சேர்ந்தார். அந்த அம்மாள் 2021-இல் கண்மூடினார்.

சவேரியார் திருநாள் அன்றே இவர் இறந்தார் என்று சொன்னேன். சவேரியார் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரைக்கு எதிரே சான்சியன் தீவில், ஒரு குடிசையில், 46 வயதில் இறந்தார். அவரை அங்கேயே புதைத்தார்கள். அடுத்த ஆண்டு தோண்டி எடுத்து மலாக்காவுக்கும், 1554-இல் அங்கிருந்து கோவாவுக்கும் கொண்டுவந்தார்கள். முத்துக்குளித்துறையில் நம்மவருக்கு வேதம் சொன்னவருடைய உடலும் வேற்று மண்ணிலிருந்து வரவேண்டியிருந்தது. எகிப்தில் இறந்த யோசேப்பும் தம் எலும்புகளை விட்டுவிட்டுப் போகவேண்டாம் என்று சத்தியம் வாங்கினார். மோயீசன் புறப்பட்டபோது அந்த அவசரத்திலும் அவற்றை எடுத்துக்கொண்டு போனார். இது மூடநம்பிக்கை அன்று. உயிர்ப்பை விசுவசிக்கிற நாம் உடலைக் குப்பையாக எண்ண முடியாது.

இது வடநாட்டுக் கதை, நமக்கென்ன என்று யாரேனும் நினைத்தால், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூருக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் ஐதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையை அங்கே நிர்மூலமாக்கினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 27-இல் அதே இடத்தில் மறுபடியும் போர். அந்த இரண்டாம் போரில் மாண்ட கர்னல் பிரவுன், கேப்டன் ஹிஸ்லாப் என்னும் இரண்டு வெள்ளை அதிகாரிகளுக்கு எழுப்பிய கூர்ந்த தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அவர்களும் தாய்நாட்டை விட்டுத் தொலைவில் இறந்தவர்கள்தாம். அவர்கள் ஆன்மாவும் இளைப்பாறட்டும். ஆனால் இரண்டு பக்கத்திலும் சேர்ந்து செத்த நம் நாட்டுச் சிப்பாய்கள் எத்தனை ஆயிரம்! அவர்களில் ஒருவன் பெயர்கூட அந்தக் கற்களில் இல்லை. எந்த ஊர்ப் பிள்ளைகளோ, அந்த வயல்களுக்குக் கீழே கிடக்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின் சில கிராமங்களில் சர்க்கார் கல்வெட்டுப் பதித்தது. இந்த ஊரிலிருந்து போனவர் இத்தனை பேர், திரும்பாதவர் இத்தனை பேர் என்று எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1999-இல் கார்கில் போர் நடந்தபோது மேஜர் மாரியப்பன் சரவணன் என்ற திருச்சி இளைஞர், 27 வயது நிறையாதவர், பட்டாலிக் மலைமுகட்டைத் தாக்கும் படையை நடத்திச் சென்று மே 29-இல் மாண்டார். எந்தப் படை தெரியுமா? பீகார் ரெஜிமெண்டின் முதலாம் பட்டாளம். ஆல்பர்ட் முதலில் சேர்ந்த அதே ரெஜிமெண்ட். பீகார், ஜார்க்கண்ட் பகுதிப் பிள்ளைகள் பெருவாரியாகச் சேருவது. தமிழ் அதிகாரிக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் மலை ஏறினார்கள். கூடவே மாண்டவர்களும் உண்டு. எதிரியின் துப்பாக்கிக்கு நேரே கிடந்ததால் சரவணனுடைய உடலை ஒரு மாதத்துக்கும் மேலாக எடுக்க முடியவில்லை. ஜூலையில் அந்த முகட்டைப் பிடித்த பிறகே கீழே கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் திருச்சியில் அந்த வீடு எப்படி இருந்திருக்கும்! விவிலியத்தில் ரிஸ்பா என்ற தாய் பாறைமேல் கோணித்துணி விரித்து அமர்ந்து, அறுவடை தொடங்கி மழை பெய்யும்வரை, தன் மக்களின் உடல்களைப் பகலில் பறவைகளும் இரவில் விலங்குகளும் தொடாமல் காத்திருந்தாள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது அரசருக்குச் சவுலின் எலும்புகளையும் எடுத்து அடக்கம் செய்யவேண்டும் என்ற நினைவே வந்தது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மாண்ட 20 பேரிலும் இப்படித்தான்: இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர் பழனியும் ஜார்க்கண்டுப் பிள்ளைகளும் ஒரே இரவில் ஒரே ஆற்றங்கரையில் இறந்தார்கள். பனியில் கிடந்தபோது அவர்களில் யார் தமிழர், யார் இந்திக்காரர்?

இதை ஏன் கேட்கிறேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காரியத்துக்கு வருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த 23 வயதுப் பையன் ஒருவன், ஒரகடம் சாலையில் விடியற்காலையில் லாரி மோதி இறந்தான். ஊரில் இருந்த தகப்பனார், "உடலை அனுப்ப அலையவேண்டாம், கோயில் மண்ணில் குருவானவரைக் கொண்டு அடக்கம் செய்யுங்கள், நான் புறப்பட்டு வருகிறேன்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். பையன்கள் என்னிடம் ஓடிவந்தார்கள். அப்போது நம் பெரியவர்களில் ஒருவர், "சாமி, அவன் பேர் நம்ம குடும்பக் கார்டுல இல்லையே, கல்லறைச் சந்தா கட்டலையே, இன்னிக்கு ஒண்ணு விட்டா நாளைக்கு எத்தனை வரும்?" என்று கேட்டார். அவர்மேல் குறை சொல்லமாட்டேன். இடம் குறைவு என்பது உண்மை. குற்றம் என்னுடையது. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. மாறாக, அந்தப் பையன்களிடம், "உங்கள் பங்குத்தந்தையிடமிருந்து கடிதம் வேண்டும்" என்றேன். பிணவறை வாசலில் நின்றவர்களிடம் ஞானஸ்நானச் சான்று கேட்டேன். கும்லாவிலிருந்து அந்தக் குரு ஒரு மணி நேரத்தில் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். நான்தான் அரை நாளைக் கடத்தினேன். இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்று என்று உங்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் சொல்லிக்கொடுக்கிறவன் நான். தெருவில் கிடந்த தன் இனத்தானை அடக்கம் செய்யச் சாப்பாட்டை விட்டு எழுந்துபோன தோபித்து எந்தச் சான்றையும் கேட்டதாக எழுதியில்லை.

அதோ, வேலி ஓரம், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்தப் பையன் கல்லறை. நாலு நாள் கழித்துத் தகப்பனார் இரயிலேறி வந்து சேர்ந்தார். அழவில்லை. சிலுவையில் நாம் எழுதியிருந்த தமிழ் எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, இதில் என் மகன் பெயர் எங்கே என்று கேட்டார். இந்தியிலும் எழுதச் சொன்னோம். பெயிண்டருக்கு அந்த எழுத்துத் தெரியாது. ஒரு பையனின் கைபேசியில் பார்த்துப் படம் வரைவதுபோல் வரைந்தார். பிறகு அந்தத் தகப்பனார் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "மண் போட்டவர்கள் யார்?" அவனுடைய தோழர்கள், நம் உபதேசியார், நான், பிறகு அன்று காலைப் பூசைக்கு வந்து அப்படியே பின்னால் நடந்து வந்த நம் பங்கு மூதாட்டி ஒருவர் என்றேன். அந்த மூதாட்டியைப் பார்க்கவேண்டும் என்றார். அழைத்துப்போனேன். அவர்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லை. அந்த அம்மாள் டீ போட்டுக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

பங்கு மக்களே, நம்மில் எத்தனை பேர் இந்த ஊர்க்காரர்? நான் பூந்தமல்லி குருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் இந்தப் பக்கம் ஏரியும் வயலும் சவுக்குத் தோப்புமாகக் கிடந்தது. அதன் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என்று சிப்காட் விரிந்தது. திண்டுக்கல், அரியலூர், தஞ்சை, குமரி என்று பல இடங்களிலிருந்து வேலைக்காக வந்தவர்களால்தான் இந்தப் பங்கே உண்டானது. இருபத்தைந்து ஆண்டுக்கு முன் நாம் வாடகைக்கு வீடு தேடியபோது, 'நீங்க எந்த ஊரு' என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்களை நம்மில் சிலர் இன்னும் மறக்கவில்லை. அப்போது வந்தவர்களுக்குக் கல்லறைச் சந்தா புத்தகம் எங்கே இருந்தது?

வரும் ஞாயிறு பங்குப் பேரவையில் இரண்டு காரியங்களை வைக்கப்போகிறேன். வெள்ளி விழாவுக்காக ஆலய முகப்பில் பதிக்கும் சலவைக்கல்லில் நன்கொடையாளர் பெயர்கள் வருகின்றன, வரட்டும். இந்தக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இன்னொரு சிறு கல் பதித்து, இங்கே அடக்கமான எல்லாருடைய பெயரையும், சந்தா கட்டியவர் கட்டாதவர் என்று பாராமல், எழுதவேண்டும் என்பது முதலாவது. நம் பங்கு எல்லைக்குள் இறக்கிற எந்தக் கத்தோலிக்கருக்கும், அவர் குடும்பம் கேட்டால், கார்டு பார்க்காமல் இடம் தரவேண்டும் என்பது இரண்டாவது. இடம் போதாது என்பவர்கள் அதற்கு வழியும் யோசித்துக்கொண்டு வாருங்கள். வேலிக்கு அப்பால் உள்ள நிலம் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம். விலைதான் மலைக்க வைக்கிறது.

டிசம்பர் 3 காலை ஆறு மணிப் பூசை இந்த ஆண்டு இரண்டு கருத்துகளுக்காக நடக்கும். கோட்டாறுக் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டேன், மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். முதல் வாசகத்தை அந்தப் பையன்கள் இந்தியில் வாசிப்பார்கள். சவேரியார் சுரூபத்தின் கீழே ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கிறோம். உங்கள் குடும்பத்தில், ஊரில், போரிலோ கடலிலோ வளைகுடா நாட்டு வேலையிலோ இறந்து, ஊர் வந்து சேராதவர்கள் பெயர்களை அதில் எழுதுங்கள். அன்று பீடத்தில் வைத்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். எக்கா என்பதை இந்த முறை சரியாகச் சொல்லப் பழகியிருக்கிறேன். பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட உபதேசியார் ஏற்பாடு செய்திருக்கிறார். இந்தியிலும் எழுதலாம், வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.